கூடத்தை அளந்தவர்களுக்கு: வீட்டுத் தொழில் நோட்டீஸ் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகர்மன்றத் தலைவர், ஆணையர், நகரமைப்பு அலுவலர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

பங்குனி மாதம் எங்கள் வார்டில் சில வீட்டுக் கதவுகளில் மட்டும் நீங்கள் ஒட்டிய நோட்டீஸைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். குடியிருப்புக் கட்டடத்தை அனுமதி இல்லாமல் வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றிவிட்டோம், முறைப்படி அனுமதி வாங்காவிட்டால் பூட்டி சீல் வைப்பீர்கள் என்பது அதன் சாரம். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளும் அடியில் இருந்தன. பிரிவு எண்ணெல்லாம் எங்கள் தெருவில் யாருக்கும் புரியவில்லை. சீல் என்றால் என்னவென்று எல்லோருக்கும் புரிந்தது.

நோட்டீஸ் வந்த வீடுகளைச் சொல்கிறேன். கணவர் இறந்த பிறகு ரேழியில் ஒரே ஒரு தையல் மெஷினைப் போட்டு ஜாக்கெட் தைக்கிற அக்கா. திண்ணையில் மிக்ஸி, டேபிள் ஃபேன் ரிப்பேர் பார்க்கும் பெரியவர். காலையில் இட்லி மாவு அரைத்துத் தூக்குவாளியோடு வருகிறவர்களுக்கு ஊற்றித் தரும் மாமி. தஞ்சாவூர் ஓவியம் போடும் அண்ணன் தம்பி இருவர். அப்புறம் நான். மோர் மிளகாய், கூழ் வடகம், தாளிப்பு வடகம், சாம்பார்ப் பொடி, ரசப்பொடி செய்து விற்கிறேன்.

நோட்டீஸ் வராத வீடுகளையும் சொல்ல வேண்டும். அதே தெருவில் ஒரு ஆடிட்டர் இருக்கிறார். வாசல் அறையில்தான் ஆபீஸ். வருமான வரிக் கணக்குக் கொடுக்கும் ஜூலை மாதத்தில் அவர் வீட்டு வாசலில் பைக் நிறுத்த இடம் இருக்காது. இரண்டு வீடு தள்ளி வக்கீல். மூலை வீட்டில் மாலை நேரத்தில் மட்டும் பல் டாக்டர். எதிர் வீட்டு மாடியில் பெங்களூர் கம்பெனிக்கு ராத்திரி பகலாக லேப்டாப்பில் வேலை பார்க்கும் பையன். இவர்கள் யார் மேலும் எனக்கு ஒரு குறையும் கிடையாது. தெருவுக்கு இவர்களால் நல்லதுதான். ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து சம்பாதிப்பதுதான் குற்றம் என்றால், அவர்கள் கதவில் ஏன் ஒட்டவில்லை? அது குற்றமில்லை என்றால், எங்கள் கதவில் ஏன் ஒட்டினீர்கள்?

இதற்கு விடை சொன்னவர் அந்த ஆடிட்டர்தான். மின்கட்டண ஆணையைக் காட்டினார். வீட்டோடு ஒட்டிய, 200 சதுர அடிக்குள் இருக்கிற தொழில்முறை ஆலோசனை அறைக்கு வீட்டுக் கட்டணமே போதும் என்று அதில் இருக்கிறது. வீட்டில் கைத்தறி போட்டிருக்கும் நெசவாளருக்கும் வீட்டு வீதப்பட்டிதான், அதாவது வீட்டுக்கான மின்கட்டண விகிதம்தான். வெளியாளை வேலைக்கு வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி. அது மட்டுமா, 2023இலிருந்து கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை இலவசம். திருபுவனம் பக்கம் போனால் கூடத்தின் நடுவே குழித்தறி, அதன் ஓரத்திலேயே குழந்தைக்குத் தூளி என்று பார்க்கலாம். அது வீடா பட்டறையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இரண்டும்தான்.

ஆக, வீடும் தொழிலும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கலாம் என்பது அரசுக்குப் புதிய சேதி இல்லை. படித்தவர் பேனாவுக்கு ஒத்துக்கொண்டாயிற்று. தறிக்கும் ஒத்துக்கொண்டாயிற்று, அது சங்கம் வைத்துப் போராடி வாங்கியது. ஊசிக்கும் கரண்டிக்கும்தான் இன்னும் இடம் கிடைக்கவில்லை. எங்கள் குறை முழுவதும் இந்த ஒன்றில் அடங்கிவிடும். வீட்டுக்குள் நடக்கிற தொழிலை, யார் செய்கிறார், அதற்கு என்ன பெயர் என்று பார்த்துத் தரம் பிரிக்கிறீர்கள். அதனால் அடுத்த வீட்டுக்கு என்ன தொல்லை என்று பார்ப்பதில்லை.

உங்கள் நகரமைப்பு ஆய்வாளர் என் வீட்டுக்கு வந்தார். குறை சொல்லவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், மரியாதையாகத்தான் பேசினார். டேப்பை நீட்டிக் கூடத்தைச் சுவருக்குச் சுவர் அளந்தார். கையிலிருந்த தாளில் "உற்பத்தி இடம்" என்று எழுதினார். ராத்திரி அந்த உற்பத்தி இடத்தில்தான் என் மாமியார் பாய் விரித்துப் படுக்கிறார். என் மகன் பொதுத்தேர்வுக்குப் படித்ததும் அங்கேதான், சாமி மாடமும் அங்கேதான். அப்புறம் மொட்டை மாடி ஏறினார். கொடியில் எங்கள் வீட்டுத் துணி காய்ந்துகொண்டிருந்தது, கீழே வேட்டியில் வடகம். துணியை ஒதுக்கிவிட்டு மாடி முழுவதையும் அளந்து அதையும் சேர்த்துக்கொண்டார். முற்றத்தையும் விடவில்லை. மழை பெய்தால் தண்ணீர் இறங்குகிற முற்றம் அது, அங்கே எதையும் உற்பத்தி செய்ய முடியாது.

அந்த மாடியில் என்ன நடக்கிறது என்று மன்றத்தில் யாராவது கேட்டிருப்பீர்களா தெரியவில்லை, நானே சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடை மிளகாயை (கேப்சிகம் இல்லை, மோர் மிளகாய்க்குப் போடும் சின்ன மிளகாய்) காம்போடு வாங்கி, கழுவித் துடைத்து, நுனியில் லேசாகக் கீறி, கல்லுப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைப்போம். காலையில் வெயில் ஏறினதும் மோரிலிருந்து எடுத்துப் பாயில் பரப்புவோம். சாயங்காலம் அதே மோருக்குள் திரும்பப் போடுவோம். இப்படியே மிளகாய் மோரை முழுக்கக் குடித்து முடிக்கும்வரை. கடைசியில் சருகு மாதிரி காய்ந்து, கையில் எடுத்தால் கலகலவென்று விதை உள்ளே ஆட வேண்டும். இதில் மோட்டார் இல்லை, அடுப்புகூட இல்லை. வெயிலும் கையும்தான். கூழ் வடகத்துக்கு விடிகாலையில் ஒரு மணி நேரம் கேஸ் அடுப்பு எரியும். மாவு அரைக்க வீட்டுக் கிரைண்டர். மிளகாய்ப் பொடியை நான் வீட்டில் அரைப்பதே கிடையாது, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தும்மல் வரும் என்று மாவு மில்லுக்குத்தான் அனுப்புகிறேன். சத்தம் எங்கே, புகை எங்கே, கழிவு எங்கே? மீந்த மோர்கூடக் கிடையாது, மிளகாய் குடித்துவிடுகிறது.

இன்னொன்று. இந்தத் தொழிலுக்கு மாசி முதல் வைகாசி வரைதான் காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மாடியில் எதுவும் காயாது. பங்குனியில் நோட்டீஸ் ஒட்டி, சித்திரையில் சீல் வைத்து, ஆனியில் விசாரித்து ஆடியில் திறந்துவிட்டீர்கள் என்றால், உங்கள் கோப்பில் அது மூன்று மாத நடவடிக்கை. எனக்கு அந்த வருஷமே போய்விடும்.

சரி, அனுமதி வாங்கிவிட்டுச் செய்யலாமே என்பீர்கள். அதற்குத்தான் கவுண்டருக்கு வந்தேன். கொடுத்த படிவம் வணிக வளாகம் கட்டுகிறவருக்கானது. வீட்டின் முன் உள்ள சாலை அகலம் எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள், எத்தனை கார் நிறுத்தலாம் என்றெல்லாம் கேட்கிறது. எங்கள் தெரு வீடுகள் உங்களுக்குத் தெரியும். அகலம் கொஞ்சம், நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், கொல்லை என்று ரயில் பெட்டி போல ஒன்றின்பின் ஒன்றாகப் போகும். இரண்டு பக்கமும் பொதுச் சுவர். பக்கவாட்டில் இடம் விடு என்றால் யார் வீட்டை இடித்து விடுவது? கார் நிறுத்த இடம் காட்டு என்றால் கூடத்தைத்தான் காட்ட வேண்டும். எங்கள் தாத்தா காலத்து வீட்டுக்கு இந்தப் படிவத்தில் ஒரு நாளும் அனுமதி கிடைக்காது. அது உங்கள் அலுவலகத்துக்கும் தெரியும். கிடைக்கவே வழியில்லாத அனுமதியை வாங்கி வா என்பதும், தொழிலை நிறுத்து என்பதும் ஒன்றுதானே.

இதில் ஒன்று எனக்குப் புரியவே இல்லை. 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை புதிதாக வீடு கட்டுகிறவர், சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே உடனடியாக அனுமதி வாங்கிவிடலாம். முன்கூட்டியே யாரும் வந்து அளக்க வேண்டாம். அவர் சொல்வதை அரசு நம்புகிறது, நல்ல திட்டம்தான். மாடி வீடே கட்டுகிறவரை நம்பலாம், ஏற்கெனவே கட்டிய வீட்டின் மாடியில் மிளகாய் காயவைக்கிறவளை நம்ப முடியாதா?

நான் ஒன்றும் ஒளிந்துகொண்டு தொழில் செய்யவில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்கிறேன். எடுக்கும்போது ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவருக்கு வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டணம், கட்டினேன். பதிவு எண் என் ஒவ்வொரு பாக்கெட்டிலும் இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் இருக்கிறது, அதற்குக் கட்டணமே இல்லை. இரண்டிலும் தொழில் நடக்கிற முகவரி என்று என் வீட்டு முகவரியைத்தான் கொடுத்தேன். அந்தத் துறையெல்லாம் ஏற்றுக்கொண்ட முகவரி அது. மகளிர் குழுவில் இருந்தபோது எங்களுக்கு விளக்கிய மத்திய அரசின் குறு உணவு நிறுவனத் திட்டத்தில், உணவு தயாரிக்கும் சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க முதலீடு உண்டு என்றார்கள். வீட்டில் இருந்தே தொழில் தொடங்குங்கள் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். மகளிர் குழுக் கண்காட்சி வைத்தால் நகராட்சியிலிருந்தும் வந்து, ஒரு துண்டு வடகம் வாயில் போட்டுக்கொண்டு, எங்களோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறீர்கள். அப்புறம் வீட்டுக்கு நோட்டீஸ் வருகிறது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று எங்கள் பாட்டி சொல்வது இதைத்தான்.

நோட்டீஸோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பில் கலெக்டர் வந்து, சொத்து வரியை வணிகத்துக்கு மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். 2022 ஏப்ரலில் சொத்து வரி ஏறினபோது 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு, வணிகக் கட்டடத்துக்கு 100 விழுக்காடு என்று ஏறியது. வீடு என்பதிலிருந்து கடை என்பதற்குப் பெயர் மாறினால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தையல் அக்கா வீட்டுக்கு ஈ.பி.யிலிருந்தும் ஆள் வந்தாயிற்று. வணிக வீதப்பட்டிக்கு மாற்றினால் வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டும் போய்விடும். அந்த அக்கா ஒரு ஜாக்கெட்டில் என்ன மிச்சம் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும், இங்கே சொன்னால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன், லைனிங் துணி விலை ஏறினால் தலைக்கு வைக்கும் பூவை நிறுத்துகிறவர் அவர்.

இனிமேல் சொல்வது எங்கள் ஒரு தெருவின் விஷயம் இல்லை. இந்தக் காவிரி டெல்டாவில் பெண்களுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்று மன்றம் யோசித்துப் பார்க்க வேண்டும். 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், புதிதாகச் செப்பு உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை, எண்ணெய், எரிவாயுக் கிணறு எதுவும் இங்கே வரக்கூடாது என்றது. அந்தச் சட்டத்துக்காக வெயிலில் உட்கார்ந்த ஊர்க்காரர்கள் நாங்கள். அது இருக்கட்டும், என்றைக்கும் இருக்கட்டும். ஆனால் பெரிய ஆலை வராத மண்ணில் வயல் வேலையை மட்டும் நம்பி எத்தனை வீடு நிற்கும்? நடவுக்கு எந்திரம் வந்துவிட்டது, அறுப்புக்கு எந்திரம் வந்து ரொம்ப நாளாகிறது. முன்பு குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று பட்டத்திலும் நாற்றுப் பறிக்க, நட, களை எடுக்க, கதிர் அறுக்க என்று வயலில் நின்ற பெண்களுக்கு இன்று களையெடுப்பு மட்டும் கொஞ்சம் மிச்சம். அதுவும் ஆற்றில் தண்ணீர் வந்தால்தான். 2024இல் வழக்கமான ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கவில்லை, ஜூலைக் கடைசியில்தான் திறந்தது. அந்தக் குறுவையில் ஆற்றுத் தண்ணீரை நம்பியிருந்த பெண்களின் கூலி யார் கணக்கிலும் எழுதப்படவில்லை.

2018 நவம்பரில் கஜா அடித்தபோது பேராவூரணிப் பக்கம் என் உறவுக்காரர்களுக்குத் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்தது. புதுக் கன்று காய்க்க வருஷக்கணக்காகும். அந்த இடைவெளியில் அந்த வீட்டைக் காப்பாற்றியது என் நாத்தனார் கொல்லைப்புறத்தில் செய்த முறுக்கும் அதிரசமும்தான். என் கணவருக்கு ரைஸ் மில்லில் வேலை. நெல் வருகிற மாதங்களில்தான் முழுக் கூலி. மீதி மாதங்களில் எங்கள் அடுப்பு எரிவது நான் விற்கிற வடகத்தில்.

வீட்டில் தொழில் செய்வது இந்த மண்ணில் நேற்று முளைத்ததும் இல்லை. அரசு பெருமையாகச் சொல்லும் புவிசார் குறியீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவாமிமலை ஐம்பொன் சிலை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, கலைத்தட்டு, வீணை, நெட்டி வேலைப்பாடு, திருபுவனம் பட்டு, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம். இவற்றில் பலவும் இன்றைக்கும் வீட்டிலோ வீட்டோடு ஒட்டிய பட்டறையிலோ நடப்பவை. எங்கள் தெரு அண்ணன் தம்பியும் பலகையில் துணி ஒட்டி, சுக்கான் மாவும் பசையும் குழைத்து மேடு கட்டி, தங்க ரேக் ஒட்டுவது அவர்கள் அப்பா உட்கார்ந்த அதே தாழ்வாரத்தில்தான். குறியீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்துவிட்டு, அதைச் செய்கிற தாழ்வாரத்துக்குச் சீல் வைப்பது என்ன நியாயம்?

எல்லாவற்றையும் அனுமதித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்டால் என் பக்கத்து வீட்டுக்காரரே என்மேல் சண்டைக்கு வருவார். பின் தெருவில் வீட்டு முன்புறத்தில் கிரில் பட்டறை போட்டிருக்கிறார்கள். வெல்டிங் வெளிச்சமும் கட்டிங் மெஷின் சத்தமும் ராத்திரி ஒன்பது மணிக்கும் நிற்பதில்லை. அந்தத் தெருவில் பிரசவம் ஆகி வந்த பெண் கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் இருக்க முடியாமல் கிளம்பிப் போனாள். அதை நிறுத்தத்தான் வேண்டும். சாயத் தண்ணீரை வாய்க்காலில் விடுகிறவர், நூறு பேருக்கு விறகடுப்பில் சமைத்துப் புகையைத் தெருவுக்கு விடுகிறவர், கேஸ் சிலிண்டரைக் கணக்கில்லாமல் வீட்டில் அடுக்குகிறவர், இவர்களையும் தடுக்கத்தான் வேண்டும். சொல்லப்போனால் அந்தக் கிரில் பட்டறைக்கு நோட்டீஸ் வந்ததாகத் தெரியவில்லை. காரணம் எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஆனால் தொல்லையை அளந்திருந்தால் முதல் நோட்டீஸ் அங்கேதான் போயிருக்கும்.

தொல்லையை அளக்க அளவுகோல் இல்லை என்று சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வைத்திருக்கின்றன. சாக்கடையில் என்ன விடலாம், விடக்கூடாது என்பதற்கு உங்களிடமே விதி இருக்கிறது. 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு என்று பகுதியையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன. வீடு என்றால் சோறு தின்று தூங்குவதற்கு மட்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. 1971 சட்டம் ஒரு கட்டடத்தின் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் வந்தால்தான் அதை அனுமதி வாங்க வேண்டிய அபிவிருத்தி என்று கணக்கில் எடுக்கிறது. ஐந்து பேர் குடியிருக்கிற வீட்டில் ஒரு தையல் மெஷின் வந்தால் அந்த வீடு எந்த விதத்தில் மாறிவிட்டது?

சட்டம் எங்களைக் கண்ணால் பார்க்காமலும் இல்லை. 2008ஆம் ஆண்டு அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் யார் என்று வரையறுத்தது. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த வரையறை இருக்கிறது. தெருவோர வியாபாரிகளுக்கு 2014இல் தனிச் சட்டம் வந்து, விற்பனைக் குழுவில் அவர்களுக்கே 40 விழுக்காடு இடம் என்றாகிவிட்டது. தெருவில் கடை போட்டால் குழுவில் உட்கார்ந்து பேசலாம். வீட்டுக்குள்ளேயே இருந்து செய்கிறவளுக்கு உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாது. 2025 ஜூலையில் கிராம ஊராட்சிகளில் சிறு தொழிலுக்கெல்லாம் உரிமக் கட்டணம் என்று பேச்சு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் அரசே அதை நிறுத்திவைத்தது. அங்கே நிறுத்திவைக்க முடிந்தது, நகரத்து எல்லைக்குள் ஒரு வாய்க்கால் தாண்டி இருக்கிற எங்களுக்கு மட்டும் வேறு நியாயமா?

இப்போது நாங்கள் கேட்பதைச் சொல்கிறேன்.

முதலில், ஒட்டிய நோட்டீஸ் எல்லாவற்றையும் மன்றம் இதைப் பேசி முடிக்கும்வரை நிறுத்திவையுங்கள். சீல் வைக்க மாட்டோம் என்பதை வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்தில் கொடுங்கள். இது வைகாசிக்குள் நடந்தால்தான் எங்களுக்குப் பயன்.

அடுத்து, வீட்டுத் தொழிலுக்கென்று ஒரு பக்கத்தில் அடங்குகிற சுய அறிவிப்புப் படிவம் கொண்டுவாருங்கள். தொழில் செய்கிறவர் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறார், வெளியாள் இரண்டு பேருக்கு மேல் இல்லை, வீட்டின் பாதிக்கு மேல் தொழிலுக்குப் போகவில்லை, சத்தம் விதிக்குள் இருக்கிறது, புகையும் சாயக் கழிவும் இல்லை, தெருவை அடைத்து வண்டி நிற்காது. இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவரும் அதைக் கொடுக்க முடிய வேண்டும், ஏனென்றால் எங்களில் பாதிப் பேருக்குச் சொந்த வீடு இல்லை. கட்டணம் வைப்பதென்றால் உணவுப் பதிவுக்கு வாங்கிய 100 ரூபாயைத் தாண்டாமல் வையுங்கள். இப்படி அறிவித்தவருக்குத் திட்ட அனுமதி, பக்கவாட்டு இடம், கார் நிறுத்துமிடம் எதுவும் கேட்கக்கூடாது. இதற்கு மன்றத்தின் அதிகாரம் போதாது என்றால், தீர்மானம் போட்டு நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கு அனுப்புங்கள். அந்தத் தீர்மானத்தின் நகலை எங்களுக்கும் தாருங்கள்.

சொத்து வரியை வணிகமாக மாற்றும் வேலையைக் கைவிடுங்கள். குடியிருக்கிற வீடு குடியிருப்பாகவே இருக்கட்டும். மின்வாரியத்துக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் போயிருந்தால் அதைத் திரும்பப் பெறுங்கள். ஆலோசனை அறைக்குத் தருகிற 200 சதுர அடிச் சலுகையைக் கைவேலை செய்கிறவருக்கும் தர வேண்டும் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு மன்றத்தின் பெயரில் எழுதுங்கள். தனி மீட்டர்தான் வேண்டுமென்றால், குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் மின்வாரியத்திடமே தனி வீதப்பட்டி இருக்கிறது, அதைத் தரச் சொல்லுங்கள். வணிக வீதப்பட்டி எங்களுக்கு வேண்டாம்.

புகார் வந்தால் வந்து பாருங்கள், வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் என்ன தொல்லை என்று எழுத்தில் சொல்லுங்கள், சரிசெய்ய ஒரு மாதம் கொடுங்கள், சரியாகாவிட்டால் அந்தத் தொல்லையை மட்டும் நிறுத்துங்கள். வீட்டுக்குச் சீல் வைப்பது என்பதே வேண்டாம். மாமியார் மாத்திரையும் பிள்ளை புத்தகமும் உள்ளே இருக்கும் வீடு அது.

இதையெல்லாம் முடிவு செய்வதற்கு முன் எங்கள் வார்டில் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையைக் கூட்டுங்கள். விதி இருக்கிறது, கூட்டம்தான் கூடுவதில்லை. பகல் பதினொரு மணிக்கு வைக்காதீர்கள், அந்த நேரத்தில் எல்லோரும் வேலையில் இருப்போம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், பள்ளிக்கூட வளாகத்தில் வைத்தால் தையல் அக்காவும் வருவார், மாவு மாமியும் வருவார். ஆடிட்டரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கிரில் பட்டறைக்காரரையும் கூப்பிடுங்கள், அவர் பக்கத்தையும் அவர் சொல்லட்டும். நகரமைப்பு அலுவலர் கட்டாயம் இருக்க வேண்டும், பதில் சொல்ல அதிகாரம் உள்ளவர் இல்லாமல் கூட்டம் நடத்திப் பயனில்லை.

அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் இது இடம்பெற வேண்டும். இடம்பெறுமா, பெறாதா என்பதை அந்தக் கூட்டத்துக்கு முன்பே எங்கள் வார்டு கவுன்சிலர் மூலமாக எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வடகம், மோர் மிளகாய் செய்து விற்கும் ஒருத்தி,
நோட்டீஸ் வந்த வீடுகளின் சார்பில்